பாட்டியின் முகம் ஏன் ரோஸ் ஆகிறது? கலர் நெகட்டிவ் ஃபிலிமைத் தேர்ந்தெடுப்பதும் ஸ்கேன் செய்வதும்

செம்பனை மரத்தடியில் நிற்கும் பாட்டியை ஃபிலிம் கேமராவில் படம் எடுக்கிறீர்கள். ரெண்டு வாரம் கழித்து லேப்பிலிருந்து ஸ்கேன் வந்து சேர்கிறது. திறந்து பார்த்தால், ஓலையின் பச்சை வெளுத்துக் கிடக்கிறது. பாட்டியின் கருத்த முகத்தில் யாரோ ரோஸ் பவுடர் பூசிவிட்டது போல ஒரு நிறம்.

ஃபிலிம் மட்டமா? கேமரா பழுதா? பெரும்பாலும் ரெண்டும் இல்லை. நெகட்டிவில் எல்லாம் ஒழுங்காகப் பதிவாகி இருக்கும். அதை ஸ்கேன் செய்த இடத்தில்தான் நிறம் மாறியிருக்கிறது.

புக்கிட் மெலாவத்தி கலங்கரை விளக்கம், செக்கிஞ்சான் வயல், புக்கிட் ரோத்தான் கோயில் திருவிழா என்று வார இறுதியில் பழைய கேமராவைத் தூக்கிக்கிட்டு கிளம்பும் இளைஞர்களில் நீங்களும் ஒருவராக இருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். இன்னொரு வகையினருக்கும் இது பயன்படும்: கேமராவே இல்லை, ஆனால் தாத்தா வீட்டு அலமாரியில் ஒரு மைலோ டின் நிறைய பழைய நெகட்டிவ் இருக்கிறது என்பவர்களுக்கு.

நெகட்டிவில் 'சரியான நிறம்' என்று ஒன்று இல்லை

கலர் நெகட்டிவ் ஃபிலிமில் ஒன்றன் மேல் ஒன்றாகப் பல மெல்லிய அடுக்குகள் இருக்கின்றன. சில நீல ஒளியை, சில பச்சையை, சில சிவப்பைப் பதிவு செய்கின்றன. ஃபிலிமைக் கழுவும்போது அந்த அடுக்குகளில் முறையே மஞ்சள், மெஜந்தா, சியான் சாயங்கள் உருவாகின்றன. ஆகவே நெகட்டிவில் வானம் மஞ்சளாகவும் இலை மெஜந்தாவாகவும் தெரியும். எல்லாம் தலைகீழ்.

அதோடு, ஃபிலிம் முழுக்க ஒரு ஆரஞ்சு நிறம் படர்ந்திருக்கும். பலர் அதை அழுக்கு என்றோ பழசாகிவிட்டது என்றோ நினைக்கிறார்கள். உண்மையில் அது வேண்டுமென்றே வைத்தது. மெஜந்தா, சியான் சாயங்கள் நூற்றுக்கு நூறு சுத்தமானவை அல்ல. தங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒளியையும் கொஞ்சம் விழுங்கிவிடும். அந்தக் குறையைச் சரிக்கட்டத்தான் ஆரஞ்சுத் திரை.

இந்த நெகட்டிவ் படமாக மாற வேண்டுமென்றால் ஆரஞ்சை நீக்கணும், நிறங்களைத் திருப்பிப் போடணும், பிறகு சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் எவ்வளவு இருக்க வேண்டும் என்று யாராவது முடிவு செய்யணும். அந்த 'யாராவது' என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அது லேப்பில் இருக்கும் ஆளாக இருக்கலாம், இயந்திரமாக இருக்கலாம், நீங்களாகவும் இருக்கலாம்.

இயந்திரம் எப்படி முடிவு செய்கிறது? ஒரு சராசரிப் படத்தில் எல்லா நிறமும் கலந்தால் சாம்பல் வரும் என்று அது நம்புகிறது. கடற்கரை, வீதி, கடைத்தெரு என்றால் பெரும்பாலும் இந்தக் கணக்கு சரிவரும். ஆனால் செம்பனைத் தோட்டத்தில்? படம் முழுக்கப் பச்சை. "பச்சை கூடிப்போச்சு" என்று இயந்திரம் மெஜந்தாவைச் சேர்க்கும். ஓலை வெளுக்கும், பாட்டி ரோஸ் ஆவார்.

தீமிதித் திருவிழாவில் இதே கதை வேறு நிறத்தில் நடக்கும். மஞ்சள் சேலை, மஞ்சள் நீர், சாமந்தி மாலை. இயந்திரம் மஞ்சளைக் குறைக்க நீலத்தை ஏற்றும். நெருப்பின் முன்னால் நிற்பவர்கள் குளிர்பெட்டியிலிருந்து வந்தது போலத் தெரிவார்கள்.

கருத்த முகமும் கோடாக்கும்

நம் பழைய கல்யாண ஆல்பங்களைப் புரட்டிப் பாருங்கள். மல்லிகைச்சரம் வெள்ளையாக எரியும், பட்டுச்சேலை ஜொலிக்கும், பெண்ணின் முகம் மட்டும் இருட்டாகி, கண்ணும் பல்லும்தான் தெரியும். "அந்தக் காலத்து கேமரா அப்படித்தான்" என்று கடந்து போய்விடுகிறோம். கேமராவை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

பல பத்தாண்டுகள் அமெரிக்காவின் கோடாக் நிறுவனம் தன் ஃபிலிமை அச்சடிக்கும் லேப்களுக்கு ஒரு மாதிரிப் படத்தை அனுப்பி வந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவள் தோல் இயல்பாகத் தெரிந்தால் இயந்திரம் சரியாக அமைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அந்தப் படத்துக்கு 'ஷெர்லி கார்டு' என்று பெயர். கனடாவின் கொன்கோர்டியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லோர்னா ராத் இதைப் பற்றி 2009-இல் விரிவான ஆய்வு ஒன்றை வெளியிட்டார்.

அதில் ஒரு வேடிக்கை, இல்லை, வேதனை. கருத்த நிறங்களை ஃபிலிம் சரியாகக் காட்ட வேண்டும் என்று கோடாக்குக்கு அழுத்தம் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும். கருஞ்சாக்லேட்டுக்கும் பால் சாக்லேட்டுக்கும் விளம்பரப் படத்தில் வித்தியாசம் தெரியவில்லை என்பது அவர்களின் புகார். பின்னாளில் கோடாக் கோல்ட் ஃபிலிம் வந்தபோது, மங்கலான ஒளியில் நிற்கும் கருப்புக் குதிரையின் விவரங்களையும் காட்டும் என்பது போல விளம்பரம் செய்தார்கள். குதிரையைச் சொன்னார்கள். மனிதர்களைச் சொல்லக் கூச்சம் போலிருக்கிறது. பல இனப் பெண்களைக் கொண்ட ஷெர்லி கார்டு 1990-களில்தான் வந்தது.

இன்றைக்குக் கடையில் கிடைக்கும் ஃபிலிம்கள் எவ்வளவோ தேறிவிட்டன. கருத்த தோலின் நுணுக்கங்களை அவை நன்றாகவே பிடிக்கும். ரெண்டு நிபந்தனை: போதுமான ஒளி கொடுக்கணும், ஸ்கேன் செய்பவர் அந்த முகத்தை முகமாகப் பார்க்கணும்.

எந்த ஃபிலிம்?

இணையத்தில் 'எது சிறந்த ஃபிலிம்' என்று தேடினால் ஆளுக்கொன்று சொல்வார்கள். அங்கே நீங்கள் பார்க்கும் மாதிரிப் படங்கள் எல்லாம் யாரோ ஒருவர் ஸ்கேன் செய்து, நிறம் திருத்தியவை. ஒரே நெகட்டிவை ரெண்டு லேப்பில் கொடுத்தால் ரெண்டு நிறத்தில் வரும். அதனால் 'இந்த ஃபிலிம் பொன்னிறமாக இருக்கும், அது பச்சை அடிக்கும்' போன்ற பேச்சுகளில் பாதியைத் தள்ளிவிடலாம். முதலில் ஒளியைப் பாருங்கள். நிறம் அப்புறம்.

ஃபிலிம் அட்டையில் இருக்கும் ஐஎஸ்ஓ எண்தான் அது எவ்வளவு ஒளி கேட்கும் என்று சொல்கிறது. எண் கூடக் கூட, குறைந்த ஒளியே போதும். ஆனால் படத்தில் மணல் தூவியது போன்ற துகள் அதிகமாகத் தெரியும்.

கோலசிலாங்கூர் ஆற்றோரம், செக்கிஞ்சான் வயல் மாதிரி திறந்த வெளியில் காலை 9 மணிக்கு மேல் எடுப்பதென்றால் ஐஎஸ்ஓ 200 தாராளமாகப் போதும். கோடாக் கோல்ட் 200, அதைவிட விலை குறைந்த கலர்பிளஸ் 200 இரண்டும் இந்த ரகம். பழகுவதற்கு இவைதான் என் தேர்வு. முதல் சுருளையே விலை உயர்ந்த போர்ட்ராவில் ஆரம்பிக்க வேண்டிய அவசியமே இல்லை.

தோட்டத்துக்குள் நுழைந்தால் கணக்கு மாறிவிடும். வெளியே கண் கூசும். ஆனால் வளர்ந்த செம்பனைகள் அடர்ந்து நிற்கும் இடத்தில் ஒளி நாலைந்து ஸ்டாப் குறைந்துவிடும். ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது. நாலு ஸ்டாப் என்றால் பதினாறில் ஒரு பங்கு. நம் கண் உடனே பழகிக்கொள்வதால் அது நமக்கு உறைக்காது. ஃபிலிமுக்கு உறைக்கும். இங்கே ஐஎஸ்ஓ 400 வேணும்: கோடாக் அல்ட்ராமேக்ஸ் 400, அல்லது முகங்கள்தான் முக்கியம் என்றால், கையில் காசும் இருந்தால், போர்ட்ரா 400.

மாலைத் திருவிழா இன்னும் கஷ்டம். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் அந்தி சட்டென்று முடிந்துவிடும். சூரியன் மறைந்து இருபது நிமிடத்தில் இருட்டு. ஐஎஸ்ஓ 800 ஃபிலிம் போடுங்கள், இல்லன்னா ஃபிளாஷ் வையுங்கள். பலர் ஆசைப்படும் சினிஸ்டில் 800டி என்பது சினிமா ஃபிலிமிலிருந்து வந்தது. பழைய மஞ்சள் பல்பின் ஒளிக்கு ஏற்றபடி சமன் செய்யப்பட்டது. விளக்குகளைச் சுற்றி சிவப்பு வளையம் விழும். கோயில் சர விளக்குகளுக்கு அது அழகாக இருக்கும். பகலில் அப்படியே போட்டால் எல்லாம் நீலம் அடிக்கும்.

கோடாக் எக்டார் 100 நிறங்களை அழுத்திக் காட்டும், துகள் மிகக் குறைவு. இயற்கைக் காட்சிக்கு அருமை. முகத்துக்கு நான் சொல்லமாட்டேன். பிரிட்டனின் ஹார்மன் நிறுவனம் 2023 டிசம்பரில் கொண்டு வந்த ஃபீனிக்ஸ் 200 வேறு வகை: மற்ற ஃபிலிம்களில் இருக்கும் ஆரஞ்சுத் திரை இதில் இல்லை, வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள வித்தியாசம் கடுமையாகத் தெரியும். விளையாடிப் பார்க்க நல்ல ஃபிலிம். அக்கா கல்யாணத்துக்கு வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. சினிமா ஃபிலிமைச் சிறு சுருளாக்கி மலிவு விலையில் விற்கிறார்கள். அதில் சிலவற்றின் பின்புறம் கரிப்பூச்சு இருக்கும். சாதாரண சி-41 இயந்திரத்தில் அதைப் போட்டால் கரி கரைந்து மற்றவர்களின் படங்களும் கெட்டுப்போகும். வாங்கும்போதே "இது சி-41-ஆ, ஈசிஎன்-2-ஆ?" என்று கேட்டுடுங்க. லேப்பில் கொடுக்கும்போதும் மறைக்காமல் சொல்லுங்கள்.

வாங்கிய ஃபிலிமை காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டுப் போகாதீர்கள். நம்ம ஊர் வெயிலில் அது அவன். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு குளிர்பெட்டியில் வைக்கலாம். ஆனால் வெளியே எடுத்ததும் உடனே உறையைப் பிரிக்கக் கூடாது. சில மணி நேரம் அப்படியே விடுங்கள், இல்லன்னா ஃபிலிம் மேல் ஈரம் படியும். விமானத்தில் போகிறீர்களா? புதிய சிடி வகை ஸ்கேனர்கள் ஃபிலிமைக் கெடுத்துவிடும். கையில் கொடுத்து, கையால் சோதிக்கச் சொல்லுங்கள்.

ஒளியை முகத்தில் அளங்கள்

கலர் நெகட்டிவின் பெரிய குணம், கூடுதல் ஒளியைத் தாங்கிக்கொள்வது. ரெண்டு ஸ்டாப் கூடினாலும் பெரும்பாலான ஃபிலிம்களில் படம் பிழைத்துக்கொள்ளும். குறைந்தால்தான் ஆபத்து. ஒளி போதாத இடங்களில் ஃபிலிமில் ஒன்றுமே பதிவாகாது. ஸ்கேனில் எவ்வளவு இழுத்தாலும் சேறு மாதிரி ஒரு பச்சைக் கருமைதான் வரும். கருத்த முகங்கள் முதலில் விழுவது இந்தச் சேற்றில்தான்.

வயல்வெளியில் ஒருவரை நிற்கவைத்து எடுக்கும்போது கேமராவின் மீட்டர் பின்னால் இருக்கும் வெளுத்த வானத்தையும் சேர்த்து அளக்கிறது. "அட, நிறைய வெளிச்சம்" என்று ஒளியைக் குறைக்கிறது. வானம் நன்றாக வரும், ஆள் நிழலாகிவிடுவார். வெள்ளைச் சுவர், வெள்ளை வேட்டி, ஜன்னல் எல்லாம் இதே வேலையைச் செய்யும்.

இதற்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. எடுக்கப்போகிறவரின் மேல் விழும் அதே ஒளியில் உங்கள் உள்ளங்கையை நீட்டி, அதை மட்டும் மீட்டரில் அளங்கள். நாம் கருப்பாக இருந்தாலும் வெளுப்பாக இருந்தாலும் உள்ளங்கையின் நிறத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. வந்த அளவை விட ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். மீட்டர் 1/250 என்றால் நீங்கள் 1/125 வையுங்கள். அவ்வளவுதான்.

எல்லாமே தானியங்கியாக இருக்கும் சின்ன கேமரா என்றால், ஐஎஸ்ஓவை மாற்ற வழி இருந்தால் 400 ஃபிலிமை 200 என்று வைத்துக்கொள்ளலாம். கேமரா தானாகவே ஒரு ஸ்டாப் கூடுதலாகக் கொடுக்கும். லேப்பில் இதைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம், வழக்கம் போலவே கழுவட்டும்.

இன்னொன்று. சுருளின் முதல் படத்தில், நிழலான இடத்தில் ஒரு சாம்பல் அட்டையை எடுத்து வையுங்கள். அட்டை இல்லையா, பூச்சு இல்லாத பழைய சிமெண்டுத் தரை போதும். ஸ்கேன் செய்பவருக்கு அது வழிகாட்டி. தரை சாம்பலாகத் தெரியும்படி நிறத்தை வைத்தால், அதே ஒளியில் எடுத்த மற்ற படங்களும் கிட்டத்தட்டச் சரியாகிவிடும்.

லேப்பில் என்ன கேட்பது?

கழுவும் வேலையில் பெரிதாகத் தேர்வு எதுவும் இல்லை. கோடாக் 1972-இல் கொண்டுவந்த சி-41 முறைதான் இன்றுவரை உலகம் முழுக்க. டெவலப்பர் 37.8 டிகிரி செல்சியஸ், 3 நிமிடம் 15 வினாடி. நல்ல லேப் என்றால் மருந்தைச் சரியாகப் பராமரிக்கும், மோசமான லேப் என்றால் பராமரிக்காது. வித்தியாசம் அங்கேதான்.

ஸ்கேனுக்கு வந்தால் கேள்விகள் நிறைய. லேப்களில் பெரும்பாலும் நோரிட்சு அல்லது ஃபுஜி ஃபிரன்டியர் இயந்திரங்கள் இருக்கும். பழசுதான், ஆனால் நல்ல வேலை செய்யும், ஆபரேட்டர் கவனித்தால். நான் கேட்கச் சொல்வது மூன்று விஷயம்.

முதலாவது, "படத்துக்குப் படம் நிறத்தை மாத்தாதீங்க, முதல் ஃபிரேமில் இருக்கிற தரையை வச்சு எல்லாத்தையும் பண்ணுங்க" என்று சொல்லுங்கள். கூடவே ஒரு வரி: "ஆட்கள் கருப்பு, வெளுக்க வைக்க வேண்டாம்." சொல்லக் கூச்சமாக இருக்கலாம். சொல்லுங்கள். வாடிக்கையாளர் வெளுப்பாக இருந்தால்தான் சந்தோஷப்படுவார் என்று நினைத்து ஏற்றிவிடும் ஆபரேட்டர்கள் இருக்கிறார்கள். அப்படி நினைக்க வைத்ததில் நமக்கும் பங்கு உண்டு.

இரண்டாவது, அளவு. 35 மில்லிமீட்டர் ஃபிரேம் ஒன்று 36-க்கு 24 மில்லிமீட்டர். அதை 2400 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் சுமார் 3400-க்கு 2270 பிக்சல், அதாவது 7.7 மெகாபிக்சல் கிடைக்கும். எட்டுக்குப் பத்து அங்குலத்தில் அச்சடிக்க அது போதும். 4000 டிபிஐ என்றால் 21 மெகாபிக்சல். சுவரில் பெரிதாக மாட்டப்போவது இல்லையென்றால் அதற்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். நிறத்தை நீங்களே திருத்தப் போகிறீர்கள் என்றால் மட்டும் 16 பிட் டிஃப் கேளுங்கள். 4000 டிபிஐயில் ஒரு படமே ஏறக்குறைய 128 மெகாபைட் வரும். 36 படத்துக்கு நாலரை ஜிபி தாண்டும். இன்ஸ்டாவில் போடுவதற்கு ஜேபெக் போதும்.

மூன்றாவது, மற்ற இரண்டையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: நெகட்டிவைத் திரும்ப வாங்குங்கள். ஸ்கேன் கைப்பேசிக்கு வந்துவிட்டது, வேலை முடிந்தது என்று பலர் நெகட்டிவைக் கடையிலேயே விட்டுவிடுகிறார்கள். சில மாதம் வைத்திருந்துவிட்டு கடைகள் அதை வீசிவிடுவது உண்டு. உங்கள் கையில் இருக்கும் ஜேபெக், ஒரு ஆபரேட்டர் ஒரு மத்தியானத்தில் எடுத்த முடிவு. நெகட்டிவ் இருந்தால் அந்த முடிவை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். இல்லையென்றால் பாட்டி கடைசிவரை ரோஸ்தான்.

கிள்ளானுக்கோ கோலாலம்பூருக்கோ கூரியரில் அனுப்புகிறவர்கள் திரும்ப அனுப்பும் செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபிலிம், கழுவுதல், ஸ்கேன், கூரியர் எல்லாவற்றையும் கூட்டி 36-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு கிளிக் எத்தனை வெள்ளி என்று தெரிந்தால் விரல் தானாக நிதானிக்கும்.

வீட்டிலேயே ஸ்கேன்

மாதம் ஒரு சுருளுக்கு மேல் எடுக்கிறீர்கள், அல்லது பழைய நெகட்டிவ் நூற்றுக்கணக்கில் இருக்கிறது என்றால் சொந்தமாக ஸ்கேன் செய்வது லாபம். மூன்று வழி இருக்கிறது.

எப்சன் வி600 போன்ற தட்டையான ஸ்கேனர் ஸ்டூடியோ கேமராவின் பெரிய நெகட்டிவுக்கு நல்லது. 35 மில்லிமீட்டருக்குச் சுமார்தான். அட்டையில் 6400 டிபிஐ என்று போட்டிருந்தாலும் உண்மையான விவரம் அதில் பாதிகூட வராது. பிளஸ்டெக் 8200ஐ போன்ற தனி ஃபிலிம் ஸ்கேனர் இதைவிடக் கூர்மை, ஆனால் ஒவ்வொரு ஃபிரேமாகக் கையால் தள்ளணும். ஒரு சுருளுக்கு ஒரு மாலை போய்விடும். இந்த ரெண்டிலும் அகச்சிவப்பு ஒளியால் தூசியையும் கீறலையும் கண்டுபிடித்து நீக்கும் வசதி இருக்கிறது. கலர் சாயங்களை அகச்சிவப்பு கடந்து போய்விடும், தூசி தடுத்துவிடும், அதனால் எது தூசி என்று தெரிகிறது. வெள்ளியால் ஆன கருப்பு-வெள்ளை நெகட்டிவில் இந்தத் தந்திரம் பலிக்காது, படமே தூசி என்று நினைத்துவிடும்.

மூன்றாவது வழி, உங்களிடம் ஏற்கனவே டிஜிட்டல் கேமரா இருந்தால், மேக்ரோ லென்ஸால் நெகட்டிவைப் படம் எடுப்பது. பின்னால் வைக்கும் விளக்கு முக்கியம். சிஆர்ஐ 95-க்கு மேல் உள்ள வெள்ளை விளக்குப் பலகையாகப் பாருங்கள். கைப்பேசித் திரையை விளக்காக வைப்பது படம் எது என்று அடையாளம் பார்க்க மட்டும்தான் உதவும். அதன் ஒளியில் நிறம் நம்பும்படி வராது. அறையில் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு ரா ஃபைலில் எடுங்கள். எடுக்கும்போது ஃபிரேமின் ஓரத்தில் படம் இல்லாத ஆரஞ்சுப் பகுதி கொஞ்சம் தெரியட்டும்.

அந்த ஓரம் எதற்கு? மென்பொருளிடம் "இதுதான் வெற்று ஃபிலிம்" என்று காட்டுவதற்கு. டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளில் நெகாடாக்டர் என்ற பகுதி இருக்கிறது. ஓரத்தை ஒருமுறை அளந்து, ஒரு ஃபிரேமில் நிறத்தைச் சரிசெய்து, அதே அமைப்பை முழுச் சுருளுக்கும் ஒட்டிவிடலாம். லைட்ரூம் பயன்படுத்துகிறவர்களுக்கு நெகட்டிவ் லேப் புரோ, காசு கொடுத்து வாங்கணும். எதுவாக இருந்தாலும் தானியங்கி நிறத்தைப் படத்துக்குப் படம் ஓடவிடாதீர்கள். தோட்டத்துப் படத்தில் பச்சை கூடித்தான் இருக்கும். அது தோட்டம்.

மைலோ டின்னில் இருப்பது

மலேசியத் தொலைக்காட்சியே 1978-இல்தான் வண்ணத்துக்கு மாறியது. ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான் கலர் படங்களும் நம் வீடுகளுக்குள் பரவலாக நுழைந்தன. அப்போது எடுத்த நெகட்டிவ்களில் பின்னணியைக் கவனித்துப் பாருங்கள். லயத்து வீடு, பெரட்டுக் களம், ஆயாக்கொட்டகை, ரப்பர் மரங்கள். ரப்பர் போய் செம்பனை வந்தது, பல தோட்டங்களில் லயங்களும் போய்விட்டன. குடும்பங்கள் தாமான்களுக்கு மாறிவிட்டன. ஆல்பத்தில் இருக்கும் அச்சுப் படங்கள் வெளுத்துப் போயிருந்தாலும், இருட்டில் கிடந்த நெகட்டிவில் இன்னும் அதிக நிறம் மிஞ்சியிருக்க வாய்ப்புண்டு.

ஆனால் அதுவும் காத்திருக்காது. சாயங்கள் இருட்டிலும் மெதுவாக மங்கும், வெப்பத்தில் வேகமாக மங்கும். அதிலும் ஒவ்வொரு சாயமும் ஒவ்வொரு வேகத்தில். அதனால்தான் பழைய நெகட்டிவை ஸ்கேன் செய்தால் நிழலெல்லாம் ஒரு நிறம், வெளிச்சமெல்லாம் இன்னொரு நிறமாக வருகிறது. நம் காற்றின் ஈரத்தில் ஃபிலிமின் ஜெலட்டின் பூஞ்சைக்கு நல்ல சாப்பாடு. மூடியைத் திறந்ததும் காடி வாசனை அடித்தால், ஃபிலிமின் பிளாஸ்டிக் அடித்தளமே சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்தச் சுருளை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து வைத்து, அதை முதலில் ஸ்கேன் செய்யுங்கள்.

ஒட்டிக்கொண்ட நெகட்டிவ்களைப் பிரித்து இழுக்க வேண்டாம். தண்ணீரில் ஊறவைக்கவும் வேண்டாம். தூசியை ஊதுபந்தால் ஊதுங்கள், வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். ஓரங்களில் மட்டும் பிடியுங்கள். பழைய பிவிசி பிளாஸ்டிக் உறைகளைத் தூக்கிப்போட்டு, பாலிபுரோப்பிலீன் அல்லது அமிலமில்லாத காகித உறைக்கு மாற்றுங்கள். பிறகு சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பா. குளிர்சாதன அறை இருந்தால் அங்கே வையுங்கள், சமையலறை அலமாரி வேண்டாம்.

எந்த ஆண்டுப் படம் என்று தெரியவில்லையா? நெகட்டிவின் ஓரத்தைப் படியுங்கள். ஃபிலிமின் பெயரோ எண்ணோ அச்சாகியிருக்கும். 5035 என்று இருந்தால் அது 1970-களில் வந்த கோடாகலர் II. கடை கொடுத்த உறையும் துப்புக் கொடுக்கும். முகவரியில் பத்தாங் பெர்ஜுந்தை என்று இருந்தால் அது பெரும்பாலும் 2007-க்கு முந்தையது, அந்த ஆண்டில்தான் ஊருக்கு பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியது.

ஸ்கேன் முடிந்ததும் படங்களை டேப்லெட்டில் போட்டு வீட்டுப் பெரியவர்களிடம் காட்டுங்கள். முகத்தைப் பெரிதாக்கிக் காட்டினால் அவர்களுக்குச் சுலபம். இது எந்தத் தோட்டம், கூட நிற்பது யார், சேலை உண்மையில் என்ன நிறம் என்று கேளுங்கள். சேலையின் நிறம் சும்மா கேட்பதற்கு இல்லை. "அது மாம்பழ மஞ்சள்டா" என்று அத்தை சொன்னால், மங்கிய நெகட்டிவில் நிறத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்று உங்களுக்கு ஒரு பிடி கிடைக்கும். பெயர்களைக் காகித உறையின் மேல் பென்சிலால், நெகட்டிவை உள்ளே போடுவதற்கு முன்பே எழுதுங்கள். பேனா மை கசியும்.

டின்னின் அடியில் கழுவாத சுருள் ஏதாவது கிடந்தால் உலுக்கவோ இழுத்துப் பார்க்கவோ வேண்டாம். உறையில் சி-41 என்று இருக்கிறதா பாருங்கள். சி-22 என்று இருந்தால் அது அதற்கு முந்தைய முறை, இன்றைய இயந்திரத்தின் சூட்டை அது தாங்காது. பழைய ஃபிலிமைக் கருப்பு-வெள்ளையாகக் கழுவித் தரும் லேப்பைத் தேடிக் கொடுங்கள். நிறம் வராது, ஆனால் முகம் வரலாம்.